இருபது ஜோடிக் கம்பி

பாட்டு எதுவும் ஓடவில்லை. மைக்கும் செருகவில்லை. மாருதி வேனின் பின்பக்கத்தில் திருகி வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் அதன் முதுகில் கை வைத்த முருகானந்தம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுதா அண்ணே?"

"நீயே தொட்டுப் பாரு."

வேனுக்குச் சொந்தக்காரன் உத்தமன் ஒரே ஒரு விரலை வைத்துப் பார்த்தான். உடனே அந்த விரலை ஊதிக்கொண்டான். "யப்பா! இதுல லுச்சிப் பூரியே பொரிக்கலாம். மைக் செட்டை விடுங்க, பூஜைக்கு ஒரு கடை போட்டுருவோம். நான் மாவு பிசையறேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள். நேற்றும் இப்படித்தான் ஆயிற்று, முந்தாநாளும் இப்படித்தான்.

ஆம்ப்ளிஃபயர் சூடாவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பேட்டரியிலிருந்து வாங்கும் மின்சாரத்தை அது முழுவதுமாக ஒலிக்குக் கொடுத்துவிடுவதில்லை. ஒரு பங்கு ஒலியாகும், ஒரு பங்கு வீணாகி வெப்பமாகும். அந்த வெப்பத்தைக் காற்றில் விடத்தான் அதன் முதுகில் அலுமினியத்தை வரிவரியாக வார்த்திருக்கிறார்கள். உழைப்பவனுக்கு வியர்க்கும், அவ்வளவுதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு ஏன் இப்படி வியர்க்க வேண்டும்? முருகானந்தத்தை வாட்டிய கேள்வி இதுதான்.

அவர் கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே தலைமையகத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன். உத்தமனுக்கும் அதே அலுவலகம்தான், பில் பிரிவு. இருவருடைய குவார்ட்டர்ஸும் ஒரே வளாகத்தில் இருந்தன. வளாகத்தின் நடுவில் உள்ள மைதானத்தில் துர்கா பூஜைக்கு மூங்கில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. மறுநாள் மஹாலயா, பூஜைக்கு முந்தைய அமாவாசை. பூஜை மேடையில் யார் யார் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள் என்பதை மஹாலயாவுக்குள் கமிட்டியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது வளாகத்து வழக்கம். கமிட்டியின் சுபோத்-தா, அதாவது சுபோத் அண்ணன், அன்று மாலை வீடு வீடாக வருவார். அவரிடம் வசந்தி தன் பெயரைக் கொடுப்பாளா மாட்டாளா என்பது இந்தச் சூடான பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வசந்தி முருகானந்தத்தின் மனைவி. போன வருஷப் பூஜையில் சப்தமி அன்று மேடையில் அவள் ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடினாள். அர்த்தம் புரியாவிட்டாலும் வளாகமே கேட்டது. பாட்டு மேலே ஏறிப்போய், இனி இறங்க வேண்டும் என்கிற அந்த உச்சியில் கரண்ட் போயிற்று. மைக் செத்தது, விளக்கு செத்தது. ஜெனரேட்டர்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். அவளுடைய சொந்தக் குரல் மட்டும் மெல்லிய நூல் மாதிரி இருட்டில் ஒரு கணம் நீண்டு, பின்பு அறுந்தது. பின்வரிசையிலிருந்து எவனோ, "அண்ணியோட ஃப்யூஸ் போயிடுச்சு!" என்று வங்காளத்தில் கத்தினான். கூட்டம் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பு இல்லை. ஆனால் விளக்கு வந்தபோது மேடையில் அவள் இல்லை.

அதற்குப் பிறகு வசந்தி பாடவில்லை. மேடையில் மட்டுமல்ல, அடுப்படியிலும் பாடவில்லை. முருகானந்தத்துக்கு இது உடனே உறைக்கவில்லை. வீட்டிலிருந்து ஏதோ ஒரு சாமான் காணாமல் போயிருக்கிறது, எது என்றுதான் தெரியவில்லை என்பதுபோல் பல வாரங்கள் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ரசம் தாளிக்கும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டபோதுதான் காணாமல் போனது எது என்று தெரிந்தது.

"கரண்ட் போனாலும் நிக்காத மைக் ஒண்ணு பண்ணித் தரேன், பாடறியா?" என்று கேட்டார்.

வசந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "நடுவுல நிக்காதுன்னு நீங்க கையில அடிச்சுச் சொன்னா பாடறேன். ஆனா ஒண்ணு. இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா, அப்புறம் என்னைப் பாடச் சொல்லி யாரும் கேக்கக் கூடாது. நீங்களும்தான்."

அதனால்தான் கார் ஆம்ப்ளிஃபயர். கல்கத்தாவில் கரண்ட் போகும், ஆனால் பேட்டரி போகாது. கிதிர்பூர் சந்தையில் ஒரு ஜப்பான் பெட்டி கிடைத்தது. காரின் பன்னிரண்டு வோல்ட்டை வாங்கி, அதை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, தனக்குள் தானே ஏற்றிக்கொண்டு, ஒரு மைதானம் முழுக்கக் கேட்கும்படி பேசும் பெட்டி. அதன் மூடியைத் திறந்து பார்த்தபோது, தீப்பெட்டி அளவுச் சுருள் ஒன்று இந்த வேலையைச் செய்வதைக் கண்டு முருகானந்தம் சாப்பிட மறந்தார்.

வேனை வாகை மரத்தடியில் நிறுத்துவது, ஸ்பீக்கரை மேடையில் வைப்பது, இரண்டையும் ஒரு நீளக் கம்பியால் சேர்ப்பது என்று ஏற்பாடு. கம்பி விஷயத்தில்தான் முருகானந்தம் தன் தொழிலின் முழுப் பெருமையையும் காட்டினார். கடையில் விற்கும் சாதாரண இரட்டைக் கம்பி அவர் கண்ணுக்கே பிடிக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் கழித்துப் போட்ட இருபது ஜோடி டெலிபோன் கேபிள் ஒரு சுருளை ஸ்டோர்காரரிடம் கேட்டு வாங்கிவந்தார். ஒரு கருப்பு உறைக்குள் நாற்பது மெல்லிய செம்புக் கம்பிகள். இரண்டிரண்டாக, பின்னலைப்போல் இறுக்கி முறுக்கிய ஜோடிகள். அவற்றில் வெள்ளைக் கம்பிகள் இருபதையும் சேர்த்துப் போகும் வழி ஆக்கினார். வண்ணக் கம்பிகள் இருபதையும் சேர்த்து வரும் வழி ஆக்கினார். நாற்பது நுனிகளையும் சீவி, முறுக்கி, ஈயம் வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

"கம்பியை ஏன் முறுக்கறாங்க தெரியுமா?" என்று உத்தமனிடம் கேட்டார்.

"தெரியாதுன்னா விட்டுருவீங்களா?"

"ஒரு ஜோடில ஓடற பேச்சு பக்கத்து ஜோடிக்குள்ள ஒழுகாம இருக்கறதுக்கு. முறுக்கினா வெளியில இருந்து வர்ற இரைச்சல் ரெண்டு கம்பிலயும் சமமா ஏறும், ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். நெருக்கமா முறுக்க முறுக்க சுத்தம். இதுக்கு மேல ஒரு நல்ல கம்பி உலகத்துலயே கிடையாது."

மீதிச் சுருள் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. பெருக்கும்போதெல்லாம் அதில் துடைப்பம் சிக்கியது. "கட்டிலுக்கடியில மலைப்பாம்பை வளத்துட்டு மனுஷங்க தூங்குவாங்களா?" என்று வசந்தி கேட்டாள்.

எல்லாம் பூட்டி முடித்ததும்தான் பெட்டி சுட ஆரம்பித்தது.

முருகானந்தம் பொறுமையான மனிதர். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெட்டியின் எர்த் கம்பி வேனின் உடம்பில் சரியாகப் பதியவில்லையோ என்று பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளி மாதிரி மின்னும் இரும்பில் இறுக்கினார். சுட்டது. பேட்டரியை அளந்தார். பன்னிரண்டரை, பழுதில்லை. வால்யூமை அடியோடு குறைத்தார். சுட்டது. வீட்டிலிருந்து மேஜை விசிறியைக் கொண்டுவந்து எதிரே வைத்தார். கொஞ்சம் தாமதமாகச் சுட்டது. "கரண்ட் போனா ஓடறதுக்குன்னு செஞ்ச பெட்டிக்குக் கரண்ட்ல ஓடற ஃபேனா?" என்று உத்தமன் கேட்டதும் விசிறியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்.

கடைசியில் பெட்டியைக் கழற்றி, வாங்கிய கடைக்கே எடுத்துப் போனார். கடைக்காரர் தன் மேஜையில் வைத்து, தன் ஸ்பீக்கரை மாட்டி, மதியம் முழுக்கப் பாட்டு ஓடவிட்டார். பெட்டியின் மேல் தேநீர்க் கிளாஸை வைத்துக் குடித்தார். தேநீர்தான் பெட்டியைவிடச் சூடாக இருந்தது. "பில்குல் டீக் ஹை, ஒரு பழுதும் இல்லை அண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேனில் மாட்டினார். சுட்டது.

இப்போது, மஹாலயாவுக்கு முந்தைய நாளின் பிற்பகலில், பெட்டி ஆறிப் பச்சை விளக்கு மறுபடி எரிந்ததும், பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவில் மீட்டரை வைத்து அளந்தார். கடை மேஜையில் ஒரு ஆம்பியர் மட்டும் குடித்துக்கொண்டு சும்மா இருந்த பெட்டி, இங்கே எட்டு ஆம்பியர் குடித்தது. ஏதோ ஒன்று உள்ளே போகிறது. போன பொருள் எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும், இயற்கையில் அதற்கு விலக்கு கிடையாது. ஆனால் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தாலும் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. வெளியே போகும் கம்பியில் மீட்டரை வைத்தால் முள் அசையவில்லை.

"ஸ்பீக்கரைக் கழட்டிருடா" என்றார்.

உத்தமன் மேடைக்கு ஓடி ஸ்பீக்கரைக் கேபிளிலிருந்து பிரித்துவிட்டு வந்தான். அந்தப் பக்கத்து நுனிகள் இரண்டும் மேடை மூங்கிலில் அந்தரத்தில் தொங்கின. எட்டு ஆம்பியர், எட்டு ஆம்பியராகவே நின்றது.

"லைன் ஓப்பன். எதுலயும் போய் முட்டலை. அப்போ கம்பியிலயும் தப்பில்லை, ஸ்பீக்கர்லயும் தப்பில்லை" என்றார் முருகானந்தம்.

டெலிபோன்காரர் எவரும் அப்படித்தான் சொல்வார். ரிசீவரை எடுக்காத வரை கம்பியில் கரண்ட் ஓடாது. திறந்து கிடக்கும் கம்பி என்றால் ஒன்றுமே இணைக்கப்படாத கம்பி. அவர் தொழிலின் முதல் பாடம் அது.

வசந்தி மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தாள். குனிந்து பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "ஜுரம் எறங்கலையா?"

"சும்மாவே இருக்கு வசந்தி. சும்மா இருந்தே சூடாவுது."

"ஒரு வேலையும் செய்யாமலே களைச்சுப்போறவங்களை உங்க ஆபீஸ்ல பாத்திருக்கேன்" என்றாள். உத்தமன் டம்ளருக்குள் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "விளக்கு வைக்கிற நேரத்துக்கு சுபோத்-தா வருவார். இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லிடறேங்க. நீங்க பட்ட பாட்டை நான் பாத்தேன். அதுவே போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் ஆறுதலாகச் சொன்னாள்.

வெயில் சாய்ந்தது. மஹாலயாவுக்கு முந்தைய மாலை கல்கத்தாவில் ஒரு விஷயம் நடக்கும். வருஷம் முழுக்கப் பரணில் கிடக்கும் ரேடியோக்கள் அன்று இறங்கும். வீட்டில் கலர் டிவி இருந்தாலும் இறங்கும். விடியும் முன்னே எழுந்து தேவியை அழைக்கும் பாட்டை ரேடியோவில் கேட்டால்தான் ஊருக்குப் பூஜை பிறக்கும். ஆகவே முந்தைய மாலை ஒவ்வொரு வீட்டிலும் தூசி தட்டி, புதுப் பேட்டரி போட்டு, கல்கத்தா நிலையத்தைப் பிடித்துச் சோதிப்பார்கள். வளாகத்தின் ஜன்னல்களிலிருந்து ஒரே செய்தி வாசிப்பாளரின் குரல் வரத் தொடங்கியது. ஒரே மனிதர் பல ஜன்னல்களில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

ஒரு ஜன்னலிலிருந்து மட்டும் நீளமாக விசில் கேட்டது.

"முருகன்-தா!"

வாகை மரத்துக்கும் மேடைக்கும் நடுவில் இருந்த தரைத்தளக் குவார்ட்டர்ஸின் ஜன்னலில் ரீனா பௌதி நின்றிருந்தார். வளாகமே அவரைப் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடும். சண்டை என்று வந்தால் அண்ணன்மாரே பயப்படும் அண்ணி. வங்காளத்தில் பொரிந்தார்.

"உங்க வண்டி என் ரேடியோவைக் கொல்லுது! நாளைக்கு மஹாலயா, தெரியுமா தெரியாதா?"

"பௌதி, வண்டில ஒண்ணும் ஓடலையே. பாட்டுகூடப் போடலை."

"அந்தப் பச்சை விளக்கு எரிஞ்சா இது விசிலடிக்குது. அணைஞ்சா ஒழுங்காப் பேசுது. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் சொல்றேன். நான் என்ன பொய் சொல்றேனா?"

முருகானந்தம் வாதாட வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே நின்றது. உத்தமனைப் பார்த்து, "அணை" என்றார்.

உத்தமன் ஸ்விட்சை அணைத்தான். ரீனா பௌதியின் ஜன்னலில் செய்தி வாசிப்பாளர் தெளிவாகப் பேசினார்.

"போடு."

பச்சை விளக்கு எரிந்தது. குரல் அமுங்கியது. அதன் மேல் ஒரு விசில் ஏறி உட்கார்ந்தது.

"அணை… போடு… அணை."

ஒவ்வொரு தடவையும் தவறாமல் அதே விசில். முருகானந்தம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். ஊமை என்று அவர் நினைத்த பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது. மனிதக் காதுக்குப் பேசவில்லை, அவ்வளவுதான்.

"பௌதி, அந்த ரேடியோவைக் கொஞ்சம் கொடுங்களேன்."

"என் மாமனார் ரேடியோ. கீழ போட்டீங்க, அடுத்த மஹாலயாவைப் பாக்க மாட்டீங்க."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பெட்டியை மறுபடி போடச் சொல்லி, டயல் முள்ளை மெல்ல நகர்த்தினார். விசில் கீச்சென்ற உயரத்திலிருந்து இறங்கி, குயிலாகி, புறாவாகி, தவளையாகி, ஓரிடத்தில் முற்றிலும் நின்றது. தாண்டியதும் மறுபடி தவளையிலிருந்து ஏறியது. அவருக்குப் புரிந்தது. இரண்டு அலைகள் அருகருகே வந்தால், ரேடியோ அவற்றின் வித்தியாசத்தை விசிலாகக் கேட்கிறது. வித்தியாசம் குறையக் குறைய விசில் தணியும். அது நின்றுபோன இடத்தில் இந்த வேன் இருக்கிறது. கல்கத்தா நிலையத்துக்குப் பக்கத்து வீட்டில், விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை அதிரும் ஒரு நிலையம். பேச்சும் பாட்டும் இல்லாத நிலையம். பேட்டரியிலிருந்து போன எட்டு ஆம்பியரும் இந்தக் கத்தலில்தான் போகிறது. மணிக்கணக்காக அடித்தொண்டையில் கத்துபவனுக்கு உடம்பு சுடாமல் என்ன செய்யும்?

சரி, ஏன் கத்துகிறது? கடை மேஜையில் ஏன் கத்தவில்லை?

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வேனை விட்டு மைதானத்தின் பக்கம் நடந்தார். விசில் தேய்ந்தது. திரும்பி சுவரோரம் வந்தார். வளர்ந்தது. சுவரோரமாக மேடையை நோக்கி நடந்தார். வேனிலிருந்து தூரம் கூடக் கூட அது தேய்ந்திருக்க வேண்டும். தேயவில்லை. ரீனா பௌதியின் ஜன்னலடியில் அதே பலம், பந்தல் காலடியில் அதே பலம். மேடையில், ஸ்பீக்கர் கழற்றிய வெற்று நுனிகள் தொங்கிய இடத்தில், ரேடியோ அவர் கையில் வீறிட்டது.

அவர் குனிந்து பார்த்தார். நடந்துவந்த வழி முழுக்க, காலடியில், சுவரோரமாக அவருடைய கருப்பு கேபிள் ஓடியிருந்தது.

எதிலும் இணைக்கப்படாத கம்பி. கரண்டே ஓடாது என்று அவர் சத்தியம் செய்திருந்த கம்பி. அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உயிரோடு அதிர்ந்துகொண்டிருந்தது.

"உத்தமா! ஆம்ப்ளிஃபயர்ல இருந்து கேபிளைக் கழட்டு! இந்த முனையில்ல, அந்த முனை!"

இதுவரை அவர்கள் கழற்றியதெல்லாம் மேடை முனையை மட்டும்தான். உத்தமன் வேனுக்குள் குனிந்து இரண்டு திருகுகளைத் தளர்த்தினான். முருகானந்தத்தின் கையில் விசில் சட்டென்று அறுந்தது. செய்தி வாசிப்பாளர் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மீட்டர் ஒண்ணுக்கு வந்துருச்சு!" என்று உத்தமன் கத்தினான்.

முருகானந்தம் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். வசந்தி வந்து பக்கத்தில் நின்றாள். "என்னாச்சுங்க? ஏன் இப்படி உக்காந்துட்டீங்க?"

"வசந்தி, ரெண்டு கம்பி தொடாமலே இருந்தாலும் பக்கத்துல பக்கத்துல இருந்தாப் போதும். ஒண்ணுல மின்சாரம் ஏறினா, இன்னொண்ணு அதை இழுத்துப் பிடிச்சு வச்சுக்கும். நடுவுல இருக்கற இடைவெளி ஒரு பாத்திரம் மாதிரி. நெருக்கமா இருந்தா பெரிய பாத்திரம். இந்தக் கேபிளை நெருக்கமா முறுக்கினதுதான் இதோட பெருமைன்னு சொல்லிட்டிருந்தேன் பாரு."

"உங்க ஆபீஸ்லயும் இதே கம்பிதானே?"

"அங்க ஒரு பேச்சுக்கு ஒரு ஜோடி. பாத்திரமும் ஒண்ணு. மைல் கணக்குல போனாத்தான் நாங்க அதைப் பத்தியே கவலைப்படுவோம். இது ஒரு மைதானம், இதுல என்ன கணக்குன்னு விட்டுட்டேன். ஆனா நான் இருபது ஜோடியைச் சேத்து ஒண்ணாக்கினேன். செம்பு இருபது மடங்கு ஆச்சுன்னு சந்தோஷப்பட்டேன். பாத்திரமும் இருபது மடங்கு ஆச்சு. அதை எண்ணலை."

"பாத்திரம் பெரிசானா பெட்டி ஏன் கத்தணும்?"

சரியான கேள்வி. முருகானந்தத்தின் முகம் மலர்ந்தது. "நாம ஆத்துப் படித்துறையில மோட்டார் லாஞ்ச் ஏறி அக்கரைக்குப் போறோம்ல? ஒரு தடவை புதுசா ஒரு ஆள் ஓட்டினான், ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போனான். எனக்கு வாந்தி வந்துருச்சு."

"ஏன் வளைஞ்சான்? சுக்கானைத் திருப்பினா லாஞ்ச் உடனே திரும்பாது. கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பும். அவனுக்கு அது தெரியலை. திரும்பலையேன்னு இன்னும் திருப்பினான். லாஞ்ச் ஒரேயடியா வளைஞ்சுது. ஐயோன்னு மறுபக்கம் திருப்பினான். அதுவும் லேட்டு. இந்தப் பெட்டியும் அப்படித்தான். தான் வெளியில அனுப்பினது சரியாப் போச்சான்னு ஒவ்வொரு நொடியும் திரும்பிப் பாத்துத் திருத்திக்கிட்டே இருக்கும். அதனாலதான் உன் குரல் உன் குரலாவே வருது. ஆனா வாசல்ல இவ்வளவு பெரிய பாத்திரத்தை வச்சுட்டேன். அனுப்பினது அதை ரொப்பிட்டுத்தான் நிக்கும். பதில் லேட்டா வரும். லேட்டா வர்ற திருத்தமே அடுத்த தப்பு ஆயிடும். இப்படித் திருப்பும், அப்படித் திருப்பும், விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை. ஆத்துல நமக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சுது. இது என் மீட்டர் முள்ளுக்குக்கூட எட்டாத வேகம், ரீனா பௌதி ரேடியோவுக்குத்தான் தெரிஞ்சுது."

வசந்தி சுவரோரம் கிடந்த கருப்புக் கேபிளைப் பார்த்தாள். "தப்பு பண்ணக் கூடாதுன்னு பயந்து பயந்தே எரிஞ்சுபோயிருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள்.

முருகானந்தம் படியிலிருந்து எழுந்தார். "கட்டிலுக்கடியில அந்த மலைப்பாம்பு இருக்கா?"

"எங்க போகும்?"

மீதிச் சுருளை இழுத்துவந்தார்கள். வேனிலிருந்து மேடைக்கு எட்டும் நீளத்துக்கு இரண்டாவது துண்டு வெட்டினார்கள். பழைய கேபிளில் வெள்ளை, வண்ணம் என்று பிரித்திருந்த நுனிகளை முருகானந்தம் மறுபடி ஒன்றுசேர்த்து நாற்பதையும் ஒரே கம்பியாக முறுக்கினார். புதுத் துண்டிலும் அப்படியே. உத்தமன் முனகினான்: "ஞாயித்துக்கிழமை பூரா பிரிச்சீங்க, இப்போ சேக்கறீங்க. இதைத்தான் கவர்ன்மென்ட் வேலைன்னு சொல்றாங்க." ஆனால் அவன் கை நிற்கவில்லை.

பழைய கேபிளைச் சுவரடியிலேயே விட்டார்கள். நடுவிலுள்ள பாத்திரம் சிறுத்துப்போகும்படி, இரண்டாவதை அதிலிருந்து ஒரு முழம் தள்ளித் தரையில் ஓட்டினார்கள். ஸ்பீக்கரைப் பூட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. முருகானந்தம் ரேடியோவோடு வழிநெடுக நடந்தார். விசில் இல்லை. மீட்டரில் ஒரு ஆம்பியர்.

"யாராவது பேசிப் பாக்கணுமே" என்றான் உத்தமன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

வசந்தி மைக்கை எடுத்தாள். "ஹலோ" சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, போன வருஷம் பாடிய அதே பாட்டை எடுத்தாள்.

ஒரு வருஷத்துக் கரகரப்பு முதலில் இருந்தது. பிறகு அது விலகியது. ஜன்னல்களில் ரேடியோக்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பெயர் கேட்க வந்த சுபோத்-தா சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். பாட்டு மேலே ஏறியது, இன்னும் ஏறியது, அந்த உச்சியை எட்டியது.

வளாகம் முழுவதும் விளக்கு அணைந்தது.

"லோட்ஷெடிங்!" என்று நாலைந்து குரல்கள் பழக்கத்தில் கத்தின.

முருகானந்தம் மேடையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். அவள் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தார். குரலில் ஒரு சின்னத் தயக்கம் வந்தது, அவருக்கு மட்டும் கேட்டிருக்கக் கூடிய தயக்கம். அப்புறம் இருட்டிய மைதானத்தின் நடுவே, எந்த விளக்கையும் நம்பாத அந்தக் குரல் உச்சியில் நின்று, நிதானமாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. மரத்தடியில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

யாரும் கை தட்டவில்லை. கை தட்டத் தோன்றவில்லை. பிறகு ஜன்னலிலிருந்து ரீனா பௌதியின் குரல்: "முருகன்-தா, என் ரேடியோ எங்கே?"

சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை வசந்தியும் மைக்கிலேயே சிரித்தாள். "சுபோத்-தா, என் பேர் எழுதிக்கோங்க" என்று வங்காளத்தில் சொன்னாள். அது மைதானம் முழுக்கக் கேட்டது.

முருகானந்தம் இருட்டில் தடவிப்போய்ப் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். கையை எடுக்கவில்லை. பால் ஆறிய டம்ளரின் சூடுதான் இருந்தது.

பூஜை நாட்கள் முழுவதும் அது அப்படியே ஓடியது. செய்த மாற்றம் ஒன்றுதான்: ஒரே கேபிளுக்குள் போகும் கம்பியையும் வரும் கம்பியையும் பின்னிப் போடாமல், ஒரு கேபிளின் நாற்பது கம்பிகளையும் போவதற்கும் இன்னொரு கேபிளின் நாற்பதையும் வருவதற்கும் வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டார்கள்.